சொட்டுகிற இடமும் கசிகிற இடமும்

செப்டம்பர் 8, 2025, திங்கள். பாளையங்கோட்டை

விளக்கு வைத்த நேரம். நடையில் பெட்ரோல் வாசனை. அப்பா 1998இல் வாங்கிய நூறு சிசி வண்டியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். இரண்டு வாரத்துக்கு முன்தான் ஒரு கடையில் காட்டினேன். பெட்ரோல் டியூப் பழசாகிவிட்டது என்று புதுசு மாட்டி, கிளிப்பும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கே ஒழுகுகிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நடையை ஒட்டியே அடுக்களை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். காற்றில் சுமார் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அம்மாவிடம் விளக்கைக் குளிர வைக்கச் சொன்னேன். சுவிட்ச் எதையும் தொடாமல் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிப் போய் பெட்ரோல் டேப்பை மூடினேன். வாங்கிய நாளிலிருந்து அந்த டேப்பை நாங்கள் யாருமே இரவில் மூடியதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பள்ளியிலிருந்து ஒரு பொட்டலம் சாக்பீஸ் தூள் கொண்டுவந்தேன். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பழைய வேட்டித் துணியால் கார்ப்பரேட்டரையும் இன்ஜினையும் ஈரம் போகத் துடைத்தேன். டியூபின் இரு முனைகள், கார்ப்பரேட்டரின் கீழ்க் கிண்ணம், இன்ஜின் மூட்டுகள் என்று ஒவ்வொன்றின் மேலும் தூவிவிட்டு டேப்பைத் திறந்தேன்.

மூன்றாவது நிமிடம் வெண்மையில் ஒரு கருங்கோடு விழுந்தது. சொட்டுவது இன்ஜினின் அடியில். ஆனால் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனால், கார்ப்பரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயில் போய் முடிகிறது. அங்கிருந்து கசிந்து, இன்ஜின் மேல் வழிந்து, எது தாழ்வோ அங்கே சொட்டியிருக்கிறது. புது டியூபைச் சுற்றித் தூவிய தூள் அப்படியே காய்ந்து கிடந்தது.

அம்மாவின் இருமல் மருந்து அளவுமூடியைக் குழாயடியில் பிடித்தேன். பத்து நிமிடத்தில் 5 மில்லி. மணிக்கு 30. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் 240 மில்லி, ஏறத்தாழ கால் லிட்டர்.

செப்டம்பர் 10, புதன்

டேப்பை மூடினால் சிறிது நேரத்தில் சொட்டு நிற்கிறது. திறந்தால் மறுபடி தொடங்குகிறது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே.

மாடித் தொட்டியில் மிதக்கும் பந்தை நினைத்துக்கொண்டால் கார்ப்பரேட்டர் புரிந்துவிடும். கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கிறது. அடைபடாவிட்டால், கிண்ணத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் குழாயின் வாய்வரை பெட்ரோல் ஏறி, அதன் வழியே வெளியே போகிறது. அப்படியானால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: ஊசியின் இருக்கையில் தூசி, ஊசி முனையில் தேய்மானம், மிதவையில் ஓட்டை. இல்லையென்றால் அந்தக் குழாயிலேயே கீறல் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கார்ப்பரேட்டர் பக்கமே போகவில்லை. ஆயில் அளக்கும் குச்சியை உருவி மோந்து பார்த்தார். "டீச்சர், நல்லவேளை ஸ்டார்ட் பண்ணல நீங்க. ஆயில்ல பெட்ரோல் இறங்கியிருக்கு, பாத்தியளா?" குச்சியில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டித் தண்ணீராக நின்றது.

ஊசி அடைக்காதபோது எல்லாப் பெட்ரோலும் ஓவர்ஃப்ளோவில் போய்விடுவதில்லை. ஒரு பங்கு சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் கலந்துவிடும். வழுவழுப்புப் போன அந்த ஆயிலில் ஓட்டினால் உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசும். வெளியே விழுந்த சொட்டை மட்டும் அளந்துவிட்டு கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்திருக்கிறது. பழைய ஆயிலை வடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 13, சனி

கார்ப்பரேட்டரைக் கழற்றினோம். அண்ணாச்சி மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தார், உள்ளே சலசலப்பு இல்லை. வெந்நீரில் அமிழ்த்தினார், குமிழி வரவில்லை. குழாயிலும் கீறல் இல்லை. ஊசியின் ரப்பர் முனையில்தான் நகத்தால் தடவினால் தட்டுப்படும் வட்டப் பள்ளம். கிண்ணத்தின் அடியில் மிளகாய்ப்பொடி மாதிரி துரு.

பட்டறையில் நின்றவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: எத்தனால் பெட்ரோல். 2023 பிப்ரவரியில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரைக் கெடுக்கவும் கூடும். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அண்ணாச்சி ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ரப்பர் ஊதலை, வெடிக்கலை. இருக்கை பதிஞ்ச தடம் மட்டும் இருக்கு. இது வருசக்கணக்கா தேஞ்சது." தெரிந்த குற்றவாளி என்பதற்காக எல்லாக் குற்றத்தையும் அதன் மேலேயே போட்டுவிட்டால், டியூப் மாற்றிய கதைதான் திரும்பவும் நடக்கும்.

புது ஊசி, கிண்ணத்துக்குப் புது ஓரிங், இன்ஜினுக்குப் புது ஆயில். கிண்ணத்தின் வடிகுழாயில் கண்ணாடி டியூப் ஒன்றைச் செருகி கார்ப்பரேட்டர் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தார். டேப்பைத் திறந்ததும் டியூபில் பெட்ரோல் ஏறி, கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழேயே நின்றது. பதினைந்து நிமிடம் பார்த்தோம். அசையவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் தரை காய்ந்திருந்தது. ஆனால் லேசான வாசனை போகவில்லை. டேப் மூடித்தான் இருந்தது.

செவ்வாயன்று டேங்க் பக்கம் நான் தூள் தூவவே இல்லை. இன்று தூவினேன். ஒரு மணி நேரம் கழித்து, டேங்கோடு டேப் சேரும் மூட்டில் பிறை வடிவில் ஈரம். சொட்டாகச் சேருமுன் காற்றிலேயே காய்ந்துவிடும் அளவுக்குச் சின்னக் கசிவு. பெரிய ஒழுகல் இருந்த வரைக்கும் இது தெரிந்திருக்காது.

டேங்கை முழுக்க வடித்து டேப்பைக் கழற்றினோம். ஓரிங் கல்லாக இறுகியிருந்தது, டேப்பின் வடிகட்டி வலையில் அதே துரு. வலையைக் கழுவி, டேங்கைப் பெட்ரோல் விட்டு அலசி, ஓரிங் மாற்றிப் பூட்டினோம். துருவை விட்டுவைத்திருந்தால் புது ஊசியும் சீக்கிரமே அடைக்காமல் போயிருக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

நேற்றிரவு எல்லா மூட்டிலும் தூள் தூவி, டேப்பை மூடி, வண்டியை வாசலிலேயே நிறுத்தினேன். இனி நடைக்குள் ஏற்றுவதில்லை.

காலையில் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். தூவினபடியே வெள்ளையாக இருந்தது. துணியால் துடைத்துவிட்டு, பள்ளிக்குக் கிளம்ப டேப்பைத் திறந்தேன்.