வெளிக் களஞ்சியமும் அதன் சாவியும்

லினக்ஸ் கணினியில் வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியம் ஒன்றைச் சேர்ப்பதற்குச் சில கட்டளைகளே போதும். ஒன்று களஞ்சியத்தின் சாவியை இறக்குகிறது. மற்றொன்று முகவரியைப் பட்டியலில் எழுதுகிறது. இறுதியானது மென்பொருளை நிறுவுகிறது. அவற்றை நகலெடுத்து ஒட்டும் ஆய்வு மாணவருக்கு ஒரு நிமிடமே செலவாகிறது. ஆயினும் அந்த நிமிடத்தில் அவர் வழங்கும் அதிகாரம், அம்முகவரி பட்டியலில் இருக்கும் வரை நீடிக்கிறது.

அவருடைய தேவை பொய்யன்று. டெபியன் 12 வெளியானது 2023 ஜூனில். அதிலிருந்த ஆர் மொழியின் பதிப்பு 4.2.2. ஆர் 4.3.0 அதற்கு முன்பே, ஏப்ரலில், வந்துவிட்டது. டெபியனின் நிலைப் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழை நீக்கங்களும் வருமேயன்றி, புதிய பதிப்புகள் பொதுவாக நுழைவதில்லை. ஆய்வேட்டுக்கு வேண்டிய புள்ளியியல் தொகுப்போ புதிய ஆரைக் கேட்கிறது. டெபியனுக்கெனக் களஞ்சியம் ஒன்றை ஆர் திட்டத்தின் கிரான் தளமே வழங்குகையில், அதை நாடுவது இயல்பு.

அதன் விலையை அவர் அறிந்திருக்க வேண்டும். ஒரு பொதி நிறுவப்படும்போது, அதனுள் இருக்கும் சிறு நிரல்கள் ரூட் பயனரின் முழு அதிகாரத்தோடு இயங்குகின்றன. அடுத்த மாத மேம்படுத்தலின்போதும் அவ்வாறே. கணினி அவருக்கு மட்டும் உரியதாயின் இழப்பும் அவருடையதே. ஆய்வகத்தின் பொதுச் சர்வராயின் நிலைமை வேறு. பெயர் வெளிவராது என்ற உறுதியின் பேரில் சுரங்கத் தொழிலாளர்கள் அளித்த நேர்காணல்கள் அதில் இருக்கலாம். அந்த உறுதியைக் கொடுத்தவர் சக மாணவர்; அதைக் காக்கும் பொறுப்பு, கட்டளையை ஒட்டியவரிடமும் வந்து சேர்கிறது.

சாவி இருக்கிறதே என்பது வழக்கமான ஆறுதல். பொதி இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் மாற்றப்படவில்லை என்பதையே கையொப்பம் மெய்ப்பிக்கும். அனுப்பியவரின் நேர்மைக்கோ கவனத்துக்கோ அது சான்றாகாது. மேலும், பழைய ஆப்ட்-கீ கட்டளையால் சேர்க்கப்பட்ட சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொதுவாகச் செல்லும். வரைபட மென்பொருளுக்காகச் சேர்த்த சாவி, டெபியனின் சொந்தப் பொதிகளுக்கும் கையொப்பமிடத் தகுதி பெற்றுவிடும். அதனாலேயே அம்முறை கைவிடப்பட்டது. இன்று சாவியைத் தனிக்கோப்பில் வைத்து, சைன்ட்-பை என்ற குறிப்பால் ஒரே களஞ்சியத்தோடு பிணைக்க இயலும்.

இன்னொரு கட்டுப்பாடும் தேவை. இயல்புநிலையில் பெரும்பாலான களஞ்சியங்களுக்கு முன்னுரிமை எண் 500. ஒரே பெயரில் இரு பொதிகள் இருந்தால் உயர்ந்த பதிப்பு எண்ணுடையது வெல்லும். வெளிக் களஞ்சியத்துக்கு 100 என்றும், வேண்டிய பொதிகளுக்கு மட்டும் 500 என்றும் வகுத்துவிட்டால், அது கணினியின் அடிப்படை நூலகங்களைத் தற்செயலாக மாற்றிவிடுவது தவிர்க்கப்படும். தீய நோக்குள்ள பொதியை இது தடுக்காது.

அதிகாரபூர்வக் களஞ்சியம் ஆபத்துக்கு அப்பாற்பட்டதா எனில், இல்லை. எக்ஸ்இசட் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைத்து வைக்கப்பட்ட பின்கதவு, டெபியனின் சோதனைக் கிளை வரை நுழைந்தது. அதை வைத்தவர் ஈராண்டுகளுக்கு மேலாகப் பங்களித்து நம்பிக்கை ஈட்டியவர். எஸ்எஸ்எச் நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். நிலைப் பதிப்புக்கு அது வந்திருக்கவில்லை. மாணவர் சலித்துக்கொள்ளும் தாமதமே அங்கே காவலாக நின்றது.

ஆகவே, வெளிக் களஞ்சியத்தை நாடுமுன் டெபியனின் பேக்போர்ட்ஸ் பிரிவில் அப்பொதி உண்டா எனப் பார்ப்பது நலம். ரூட் அதிகாரம் வேண்டாத கோண்டா போன்ற வழியும் உண்டு; அதில் நிறுவுவதும் அந்தப் பயனரின் கோப்புகளைத் தொட வல்லதே எனினும், சர்வர் முழுவதையும் ஆளாது. வேறு வழியின்றிச் சேர்த்தால், முகவரியையும் பதிப்பு எண்ணையும் ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் குறித்துவைக்க வேண்டும். டெபியன் தன் பழைய பொதிகளை ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் தேதிவாரியாகப் பேணுகிறது; வெளிக் களஞ்சியங்கள் எல்லாம் அவ்வாறு செய்வதில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தேர்வாளர் ஒருவர் அதே கணக்கீட்டை மீண்டும் இயக்கிக் காட்டச் சொல்லும்போது, மாணவரிடம் எஞ்சியிருப்பது அந்தக் குறிப்பு மட்டுமாக இருக்கலாம்.