கொண்டைக்குருவியை யார் எண்ணுவது?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. உயிரியல் பூங்காவுக்கு வருபவர்கள் கூண்டுப் பறவைகளைப் பார்ப்பார்கள். வெளியே மரத்தில் கத்தும் கொண்டைக்குருவியை யாரும் கவனிப்பதில்லை. அதுதான் எங்கும் இருக்கிறதே!

ஆனால் அது கூடுகிறதா, குறைகிறதா? காட்டில் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பறவை ஆர்வலர்களின் பட்டியல்களில் நூற்றுக்கு எத்தனையில் ஒரு பறவை இடம்பெறுகிறது என்று பார்த்து, 2000க்கு முந்தைய பட்டியல்களோடு ஒப்பிடுவார்கள். 2023இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை இப்படித்தான் தயாரானது. ஆராய்ந்த 942 இனங்களில் நீண்டகாலப் போக்கு தெரிந்தது 338க்கு மட்டுமே. அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன.

மயிலும் குயிலும் பெருகியிருக்கின்றன. அதை வைத்து காடு செழிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மயில் வயலிலும் பிழைத்துக்கொள்ளும். காட்டை மட்டுமே நம்பிய பறவை எங்கே போகும்?

மற்ற இனங்களின் கணக்கு தெரியாததற்குப் போதிய பழைய பட்டியல்கள் இல்லாததே முக்கியக் காரணம். அமிர்திக்குப் போகிறவர்கள் 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எல்லாம், கொண்டைக்குருவியையும் சேர்த்து, இ-பேர்டில் பதியலாம். இன்று எழுதாததை இருபது வருடம் கழித்து யாராலும் எண்ண முடியாது.