மீண்டும் மூண்ட அடுப்பு

தொழிற்சாலையிற் கட்டி, வேண்டிய இடத்துக்கு ஏற்றிச்சென்று நிறுத்தும் வீதியோர உண்டிச்சாலையை அமெரிக்கர் ‘டைனர்’ என்பர். அத்தகைய ஒன்றன் வரலாறு எம் நெஞ்சைத் தொட்டது.

மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் இத்தொழிலுக்குப் பேர்பெற்ற கம்பனி, 1946இல், போர்ப்பணி முடித்து மீண்ட கிளோவிஸ் லாமி என்பாருக்கு அதனைச் செய்தளித்தது. முதலில் மார்ல்பரோ நகரில் நின்ற அது, பின்னர் ஊர் மாறியும் கைமாறியும் பழைய கோலம் இழந்தது. 1984இல் டியர்போண் நகரத்து ஹென்றி ஃபோர்ட் அரும்பொருட்சாலையார் அதனை வாங்கி, 1946ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கே மீட்டனர்.

எனினும் நெடுங்காலம் அது பெரும்பாலும் காட்சிப்பொருளாகவே நின்றது. வந்தோர் கண்டு வியந்தனர். 2012இலேயே அது மெய்யான உணவகமாயிற்று. அன்றே புதுக்கற்பணி நிறைவெய்தியது என்போம்.

தமிழாசிரியராகிய நாமும் பழைய நூல்களைப் பிழையறப் பாடஞ்சொல்லி, கண்ணாடிப் பேழைக்குள்ளேயே வைத்துவிட்ட நாட்கள் பல. மாணவன் பசி தீர்ந்ததோ என வினவினோமில்லை. யூபிலி காணும் இவ்வேளையில் அக்குறையை ஒப்புக்கொள்ளுதல் தகும்.

பழையதைப் பேணுதல் பாதிப்பணி, பரிமாறுதலே மீதி.