ஒரு படி அரிசியும் ஆயிரம் ரூபாயும்



தேர்தல் நெருங்கினாலே, இலவசங்களுக்கு விலைபோகும் மக்கள் என்று ஏழைகளை ஏசுவது படித்தவர்களின் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அரிசித் தட்டுப்பாட்டால் தமிழகம் வாடியிருந்த 1967-இல், ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று வாக்களித்தது தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி வழங்கியது; நிதிச்சுமை தாளாமல் பின்னர் அதுவும் நின்றது. ஆயினும் 1971-இல் அதே மக்கள் அக்கட்சிக்கு 184 இடங்களை அளித்தனர். (இந்திரா காந்தி அலையும் துணை நின்றது உண்மையே.) அவர்கள் ஏமாளிகளா? தங்கள் அடுப்பை நினைத்துப் பார்த்தவர் யார் என்பதையே அவர்கள் எடைபோட்டார்கள் என்பேன்.

2021-இல் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். 2023 செப்டம்பரில்தான் வந்தது. கூடவே வருமான வரம்பும் வந்தது. தொடக்கத்தில் பயன்பெற்ற 1.06 கோடிப் பெண்களுக்கே ஆண்டுக்கு 12,720 கோடி ரூபாய் வேண்டும். மத்ரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார் அத்தொகைக்குக் கணக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: எரிவாயு, மருந்து, நோட்டுப் புத்தகம். அதில் வீண்செலவு ஏதுமில்லை.

கொடுக்க இயலுமா என வினவுவோர், எதிலிருந்து கொடுக்கிறார்கள் என்று வினவுவதில்லை. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. 2023-24-இல் அதன்வழி வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். கணவனின் கூலி அக்கடைக்குப் போய்விட, அவன் மனைவி அந்த 1,000 ரூபாய்க்குக் காத்திருக்கிறாள். இந்தக் கணக்கை வாக்குக் கேட்டு வருவோரிடம் கேட்டு வருகிறேன். ஒருவரும் நின்று பதில் கூறியதில்லை.