“ஐ வோன்ட்”டுக்கும் “ஐ பெக்”குக்கும் நடுவில்



எங்களிடம் படித்து உயர்தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளையொன்றுக்கு ஹோட்டல் பயிலுநர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டுமாம், தான் யார், என்ன செய்ய நினைக்கிறேன் என்று. அவள் எழுதி வந்த முதல் வரி “ஐ வோன்ட் திஸ் ஜொப்”. லயத்தில் பெரியவர் ஒருவர் அதை வெட்டிவிட்டு “ஐ ஹம்ப்ளி பெக்” என்று போட்டுக் கொடுத்திருந்தார்.

முதலாவதில் இலக்கணப் பிழை கிடையாது. கேட்பவர் காதுக்குத்தான் அது முரடு. இரண்டாவதுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொரைக்குப் பெட்டிசம் எழுதிய காலத்து ஆங்கிலம் அது, கடைசியில் “யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்” என்று முடியும். வெள்ளைக்கார அதிகாரிகளும் தங்களுக்குள் அப்படித்தான் கடிதத்தை முடித்தார்கள். அவர்களுக்கு அது வெறும் சம்பிரதாயம். எங்கட தோட்டங்களில் அதே வரியை எழுதியவர் உண்மையாகவே தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை, அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான். ஆனால் 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளை அதைச் சொல்லத் தேவையில்லை.

இன்றைய அலுவலக ஆங்கிலத்தில் பணிவு என்றால் கேட்பவருக்கு “இல்லை” சொல்ல இடம் விடுவது. “ஐ வுட் லைக் டு” அந்த இடத்தை விடுகிறது. “ஐ வோஸ் ஹோப்பிங் டு ஆஸ்க்” இன்னும் கொஞ்சம் விடுகிறது. இப்போது கேட்பதை ஏன் இறந்த காலத்தில் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் குழம்புவார்கள். நாங்கள் அவர்களுடைய பேச்சையே திருப்பிச் சொல்வோம்: “ஒரு விசயம் கேக்கலாம்னு வந்தேன் டீச்சர்.” வந்து முன்னால்தான் நிற்கிறது, ஆனாலும் “வந்தேன்”. இதைத்தான் ஆங்கிலத்திலும் செய்கிறார்கள்.

பேச்சின் ஒழுங்கைச் சொல்லும்போது இவ்வளவு குழைய வேண்டியதில்லை. “ஐ வுட் லைக் டு பிகின் வித்” என்று ஒரு தடவை போதும். அடுத்தது “தென் ஐ வில் டோக் அபவுட்”. ஒவ்வொரு வரிக்கும் “வுட் லைக்” போட்டால் கேட்பவருக்கு அலுத்துவிடும். முடிவெடுத்த திட்டத்துக்கு “ஐ ப்ளேன் டு”, நிச்சயமில்லாததுக்கு “ஐ ஹோப் டு”. “ஐ வில்” என்றால் வாக்குக் கொடுத்த மாதிரி, பிறகு மாற முடியாது. “ஐ வில் ட்ரை” வேண்டவே வேண்டாம், அது எங்கட “பார்ப்பம்” மாதிரி. (இன்ஷா அல்லாஹ்வையும் நம்மில் சிலர் “பார்ப்பம்” ஆக்கி வைத்திருக்கிறோம், அது வேறு கதை.)

இதெல்லாம் கொழும்புக்காரருக்கு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1883 முதல் மலையகத் தேயிலை கொழும்பு ஏலத்தில் ஆங்கிலத்தில்தான் விலை போகிறது, கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த மொழி வந்து சேரவில்லை. நம்ம ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. இலை வாடப்போட்ட மாடிகளில் இன்று வெளிநாட்டார் தூங்குகிறார்கள். அங்கே எங்கட பிள்ளைகள் பெட்டி தூக்கவும் போகலாம், வரவேற்பு மேசையில் நின்று பேசவும் போகலாம். இரண்டும் கௌரவமான வேலைதான், ஆனால் சம்பளம் ஒன்றல்ல.

அவளுடைய முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: “ஐ வுட் லைக் டு டெல் யூ வை ஐ வோன்ட் டு வேர்க் ஹியர்.” “வோன்ட்” அப்படியே இருக்கட்டும் என்று அவள்தான் பிடிவாதமாகச் சொன்னாள். நாங்களும் விட்டுவிட்டோம்.

நேர்முகத் தேர்வு புதன்கிழமை. ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலையில் அவளைப் பேசவைத்துப் பார்க்கப் போகிறோம். ஹோட்டல், வங்கி வேலையில் இருக்கும் சகோதரர்கள், அக்காமார் யாராவது வந்து எதிரே உட்கார்ந்து, கொஞ்சம் கடுமையாகவே கேள்வி கேட்டால் உதவியாக இருக்கும். தேநீர் எங்கட செலவு.