தார்ப்பாய்

2021ஆம் ஆண்டின் ஐப்பசி அடைமழை. எங்கள் கொல்லைக் கூண்டில் ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும் இருந்தன. நாங்கள் இருவரும் தமிழாசிரியர்கள். மழையில் இரை தேடச் செல்ல இயலாது கால்மாற்றி நிற்கும் நெடுநல்வாடைப் புறாக்களுக்காக ஆண்டுதோறும் வகுப்பில் இரங்குபவர்கள். அந்த இரக்கத்தோடு கூண்டை நாற்புறமும் தார்ப்பாயால் இறுக மூடினோம்.

நான்காம் நாள் தார்ப்பாயை விலக்கியபோது கண்ணைக் கரிக்கும் நெடி. ஈரமும் எச்சமும் குழைந்து கிடந்த தரையில் செவலைப் பெட்டை வாய்திறந்து மூச்சிழுத்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் இறந்துபோயிற்று.

அம்மா அதிகம் பேசவில்லை. "அதோட போர்வை அது மேலயே இருக்கு. நீங்க மூச்சையில்ல மூடிட்டீங்க" என்றார்.

உண்மைதான். இறகுகளை உப்பி, அவற்றிடையே காற்றைத் தேக்கியே கோழி குளிரைத் தாங்குகிறது. நனைந்த இறகுக்கு அவ்வாற்றல் இல்லை. ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நுரையீரலைக் கெடுக்கிறது. இரத்தக் கழிச்சலுக்கும் ஈரத்தரையே விளைநிலம்.

இப்போது சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைக்கிறோம். கூரையடியில் காற்றுப்போக இடைவெளி உண்டு. தரையில் நான்கு விரற்கடை உமி. நாள்தோறும் கிளறி, நனைந்ததை அள்ளிவிடுகிறோம். கோழிகள் அடைய உயரத்தில் ஒரு கழி.

மார்கழிப் பனியில் விடியுமுன் விளக்கோடு சென்று பார்க்கிறோம். உடல் உப்பி, ஒன்றையொன்று ஒட்டி அமர்ந்திருக்கின்றன. கழியின் ஓரத்தில் ஒரு கோழிக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.