காசு போச்சோ?

எங்கள் நிலையத்திலுள்ள பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 கணினியில்தான் அந்த அக்கா கலியாண வீடியோக்களைத் தொகுத்து இரண்டு பிள்ளைகளையும் பார்க்கிறார். அது 2012ஆம் ஆண்டு வெளிவந்த மெலிந்த பெட்டி. படம் திக்கித் திக்கி ஓடியதால், சீட்டுக்காசில் கிராபிக்ஸ் கார்ட் வாங்கி வந்தார். எந்தக் கணினிக்கும் பொருந்தும் என்றார்களாம் கடையில்.

திறந்து பார்த்தோம். கார்ட் உயரம் கூட. அதற்குத் தனி மின்வயரும் வேண்டும். இந்த 240 வாட் பவர் சப்ளையில் அந்த வயரே இல்லை. கார்ட் சொருகும் இடம் தருவது அதிகபட்சம் 75 வாட்தான். (சமூகவியலில் இதெல்லாம் படிப்பிக்கவில்லை!)

"மிஸ், காசு போச்சோ?"

மறுநாள் பெட்டியோடேயே கடைக்குப் போனோம். 30 வாட்டில் இயங்கும் ஜிடி 1030 குட்டைக் கார்ட்டை அங்கேயே போட்டுப் பார்த்தோம், மூடி மூடியது. விலை வித்தியாசத்தைத் தரக் கடைக்காரர் முணுமுணுத்தார். அக்கா நின்று, எண்ணி வாங்கினார்.